பரணில் ஏறிய பெயின்ட் டப்பாவை மறுபடி இறக்கலாமா? லாக்டௌன் சொல்லிக்கொடுத்த 45 நிமிடப் பாடம்!

2020 மார்ச் 24, இரவு 8 மணி. நள்ளிரவு முதல் 21 நாள்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்று பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். அந்த 21 நாள்கள் எப்படி நீண்டுகொண்டே போயின என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதல் சில நாள்கள் தூக்கத்திலும் டி.வி-யிலும் போயின. பிறகு டல்கோனா காபி, தாயம், பல்லாங்குழி. அதுவும் அலுத்தபோது, வீட்டின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் காலி பாட்டிலுக்கு பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தோடு படம் வரைவதை விட்டுவிட்ட அப்பாக்கள், பிள்ளைகளின் ஸ்கெட்ச் பேனாவை எடுத்தார்கள். யூடியூப் பார்த்து மண்டலா, குவில்லிங், மதுபானி என்று இறங்கினார்கள் பலர். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க அதுதான்.

அந்தப் பெயின்ட் டப்பா இப்போது எங்கே? பெரும்பாலான வீடுகளில் பரணில்தான் இருக்கும், காய்ந்துபோன பிரஷ்ஷோடு.

`சும்மா பொழுது போகாம செஞ்சது' என்று அதை ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால், தினமும் நோயும் சாவுமே செய்தியாக வந்துகொண்டிருந்த நாள்கள் அவை. அப்போது உலகம் முழுக்க இத்தனை பேர் வீட்டுக்குள் உட்கார்ந்து வரைந்ததும் வெட்டியதும் ஒட்டியதும் ஏன்?

முத்துக்குப் பதில் பூண்டு!

இத்தாலியில் குழந்தைகள் பெரிய பெரிய வானவில்களை வரைந்து, `எல்லாம் சரியாகிவிடும்' என்று எழுதி பால்கனிகளில் தொங்கவிட்டார்கள். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம்.

அங்கே ஒரு வீட்டில் சேர்ந்து தங்கியிருந்தவர்கள், பொழுது போவதற்காக ஒரு விளையாட்டைத் தொடங்கினார்கள். 17-ம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீரின் புகழ்பெற்ற படம் `முத்துத் தோடு அணிந்த பெண்'. அந்தப் பெண்ணைப் போலவே வேஷம் போட்டு ஒரு போட்டோ எடுத்தார்கள். முத்துக்கு எங்கே போவது? சமையலறையிலிருந்து பூண்டு வந்தது!

அது ஓர் இன்ஸ்டாகிராம் பக்கமாக வளர்ந்தது. விதிகள் எளிமையானவை. பிடித்த ஓவியம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் மூன்று பொருள்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றை வைத்து ஓவியத்தைப் போலவே அமைத்து, படம் பிடித்துப் பகிர வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 25 அன்று, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கெட்டி அருங்காட்சியகம் இதே சவாலை ட்விட்டரில் அறிவித்தது. ஆயிரக்கணக்கில் படங்கள் வந்து குவிந்தன. கழிவறைக் காகிதச் சுருள்கள் ராணிகளின் கழுத்துப்பட்டை ஆயின. நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான, யாழ் வாசிக்கும் கிரேக்கச் சிலை ஒன்று கெட்டியில் இருக்கிறது. அதே போல உட்கார்ந்து போஸ் கொடுத்த ஒருவரின் கையில், யாழுக்குப் பதில் வேக்குவம் கிளீனர்!

வான்கா வரைந்த `ஐரிஸ் மலர்கள்' ஓவியத்தை, ஒரு குடும்பம் களிமண்ணைப் போன்ற பிளே-டோ, கேரட் துண்டுகள், மரமணிகள் ஆகியவற்றைக் கொண்டு உருவாக்கியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், ரசித்தார்கள். இப்படி வந்த படங்களில் தேர்ந்தெடுத்தவற்றைக் கெட்டி அதே ஆண்டில் புத்தகமாகவே வெளியிட்டது.

சுவருக்குள் பூத்த பூ

அந்தக் குடும்பம் தேர்ந்தெடுத்த ஓவியத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1889 மே மாதம். மனநலம் குலைந்திருந்த வின்சென்ட் வான்கா, தெற்கு பிரான்ஸில் செயின்ட் ரெமி என்ற ஊரில் உள்ள மனநல விடுதியில் தானாகவே போய்ச் சேர்ந்தார். தொடக்கத்தில் விடுதியைவிட்டு வெளியே போக அனுமதி இல்லை. நடமாட முடிந்தது, சுவருக்கு உள்ளே இருந்த தோட்டத்தில்தான். சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தத் தோட்டத்தில் பூத்திருந்த ஐரிஸ் மலர்களை அவர் வரைந்தார். அங்கே இருந்த ஓராண்டில் ஏறத்தாழ 150 ஓவியங்கள்!

அடைபட்ட ஒரு மனிதர், கண்முன்னே இருந்ததை வைத்து வரைந்த படம் அது. 131 ஆண்டுகள் கழித்து, வீட்டுக்குள் அடைபட்ட ஒரு குடும்பம் கேரட் துண்டுகளால் அதை மறுபடி செய்து பார்த்தது.

`அவர் வான்கா. எனக்கு நேர்கோடே வராது' என்கிறீர்களா? என்றால், இன்னொருவரைப் பார்க்கலாம்.

சட்டம் படித்துவிட்டு, வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார் ஓர் இளைஞர். வயது இருபதை ஒட்டி இருக்கும். குடல்வால் அழற்சி வந்து படுத்த படுக்கையானார். பொழுது போகட்டுமே என்று அவர் அம்மா ஒரு பெயின்ட் பெட்டியை வாங்கிக்கொடுத்தார். குணமானவர் கொஞ்ச காலத்தில் சட்டத்தைக் கைவிட்டார். அவர்தான் 20-ம் நூற்றாண்டின் மாபெரும் ஓவியர்களில் ஒருவரான ஆன்ரி மத்தீஸ். நோய்ப் படுக்கையில் பொழுதுபோக்காகத்தான் எல்லாம் தொடங்கியது.

எல்லோரும் மத்தீஸ் ஆகிவிட முடியாது. ஆகவும் வேண்டாம். அந்தப் படுக்கையில் கிடந்த நாள்களை அவர் எப்படிக் கடந்தார் என்பது மட்டும் போதும்.

82 வயதில், ஐபேடில்...

கொரோனா காலத்தில் வெளியே வரவே கூடாது என்று அதிகம் எச்சரிக்கப்பட்டவர்கள் முதியவர்கள். பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னிக்கு அப்போது 82 வயது. பிரான்ஸின் நார்மண்டி பகுதியில், மரங்கள் சூழ்ந்த வீட்டில் இருந்தார். வீட்டைச் சுற்றி வசந்தம் வருவதை, தினமும் ஐபேடில் வரைந்துகொண்டே இருந்தார். மொட்டையாக நின்ற மரம், முதல் இலை, முதல் பூ, மழை, நிலவு.

மார்ச் மாதம், மஞ்சள் டாஃபோடில் மலர்களின் படம் ஒன்றை வெளியிட்டார். `வசந்தத்தை அவர்களால் ரத்து செய்ய முடியாது' என்பதை நினைவுபடுத்துவதாக இருந்தது அதன் தலைப்பு. எல்லாமே ரத்தாகிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவியது. அந்த வசந்தத்தில் வரைந்த 116 படங்கள், 2021-ல் லண்டன் ராயல் அகாடமியில் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

45 நிமிடத்தில் என்ன நடக்கிறது?

கைவேலை செய்தால் மனம் லேசாகிறது என்று பாட்டிகள் சொல்வதற்கு, அறிவியலிலும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது.

அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில், கிரிஜா கைமல் தலைமையிலான குழு 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 18 முதல் 59 வயது வரையிலான 39 பேரிடம் மார்க்கர் பேனா, காகிதம், களிமண், படங்களை வெட்டி ஒட்டுவதற்கான பொருள்கள் கொடுக்கப்பட்டன. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 45 நிமிடங்கள் விருப்பம்போல் செய்யலாம். தொடங்கும் முன்பும் முடித்த பிறகும் உமிழ்நீரை எடுத்து, மன அழுத்தத்தோடு தொடர்புடைய `கார்ட்டிசால்' ஹார்மோனை அளந்தார்கள்.

சுமார் 75 சதவிகிதம் பேருக்கு அந்த அளவு குறைந்திருந்தது. ஏற்கெனவே படம் வரையப் பழகியவரா, பிரஷ்ஷையே தொடாதவரா என்பதால் வித்தியாசம் ஏற்படவில்லை.

இது சின்ன ஆய்வுதான். தீராத மனச்சோர்வுக்கு மருத்துவரைப் பார்க்காமல் படம் வரைந்தால் போதும் என்று இதற்கு அர்த்தமும் இல்லை. ஆனால், `எனக்கு வரையத் தெரியாதே' என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு ஒரு பதில் இதில் இருக்கிறது. தெரிந்திருக்கத் தேவையில்லை.

யாருக்குக் கிடைத்தது அந்த நேரம்?

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஊரடங்கில் எல்லோருக்கும் ஓய்வு கிடைத்துவிடவில்லை. வேலை இழந்து சொந்த ஊருக்கு நடந்தவர்களுக்கும், மருத்துவமனைகளில் இரவு பகலாக நின்றவர்களுக்கும் பாட்டில் ஆர்ட் செய்ய ஏது நேரம்?

வீட்டுக்குள்ளேயே அப்படிச் சிலர் இருந்தார்கள். எல்லோரும் வீட்டில் இருந்ததால் மூன்று வேளையும் சமையல், நடுவில் நாலு முறை காபி, குவிந்த பாத்திரம், ஆன்லைன் வகுப்பில் உட்கார மறுக்கும் பிள்ளை. பல வீடுகளில் மற்றவர்கள் வரைந்த படத்துக்கு `சூப்பர்' சொன்ன அம்மாவுக்கு, பிரஷ்ஷைத் தொட நேரமே கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் பல வீடுகளில் அன்றாடம் கலையைச் செய்தவர் அவர்தான். விடிகாலையில் புள்ளி வைத்து, இழை பிசகாமல் வாசலில் கோலம் போட்டவர். சாயங்காலத்துக்குள் அது காலடியில் கலைந்துவிடும். `எவ்வளவுக்கு விற்கும்', `எத்தனை லைக் வந்தது' என்று யாரும் கேட்டதில்லை. மறுநாள் காலை மறுபடி ஒரு கோலம். வீட்டுக் கலைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மறுபடி தொடங்க...

* புதிதாக எதையும் வாங்க வேண்டாம். வீட்டில் கிடக்கும் மூன்று பொருள்களிலிருந்து தொடங்கலாம். பழைய காலண்டர், பருப்பு வகைகள், பொத்தான்கள் எதுவானாலும் சரி.

* வாரத்தில் ஒரு நாள், 45 நிமிடம். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

* முடித்த உடனே ஸ்டேட்டஸில் போட வேண்டாம். ஒரு நாள் வீட்டுச் சுவரில் இருக்கட்டும்.

* பிள்ளைகள் வரையும்போது `யானைக்கு ஏன் பச்சை நிறம்?' என்று திருத்த வேண்டாம். தாத்தா பாட்டியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

* அந்த 45 நிமிடமும் அடுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். முதல் பிரஷ் அம்மாவுக்கு!

பரணிலிருந்து டப்பாவை இறக்கினால், உள்ளே எல்லாம் காய்ந்திருக்கலாம். அக்ரிலிக் என்றால் காய்ந்தது காய்ந்ததுதான், புது டியூப் வாங்க வேண்டும். வாட்டர் கலர் என்றால் கவலை இல்லை. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். கட்டியாகிப்போன நிறம் மெல்ல இளகி, பிரஷ்ஷில் ஏறும்.