பெருந்தொற்றும் சமூக இயன்முறை மருத்துவமும்

கொள்ளைநோய்க்கும் இயன்முறை மருத்துவத்திற்கும் உள்ள தொடர்பு நம் நாட்டிற்குப் புதியதன்று. பம்பாயில் இளம்பிள்ளைவாதம் பரவியதன் விளைவாகவே, 1950-களின் தொடக்கத்தில், அந்நகரின் கே.இ.எம். மருத்துவமனையில் இத்துறைக்கான முதல் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அன்று நோய் சேவையை வளர்த்தது. 2020-ஆம் ஆண்டில் கோவிட் தொற்று வந்தபொழுது நேர்ந்ததோ இதற்கு மாறானது. முதற்கண் சேவையே நின்றது. பெங்களூர் நகரில் இது நன்கு புலனாயிற்று.

பெங்களூரில் இத்தகைய சேவைக்கு நெடிய மரபு உண்டு. உடற்குறையுடையோருக்கான ஏ.பி.டி. என்னும் சங்கம் 1959-இலும், மொபிலிட்டி இந்தியா நிறுவனம் 1994-இலும் அங்கு தொடங்கப்பெற்றன. மருத்துவமனைக்கு வர இயலாதவரை அவர் வாழும் தெருவிலும் இல்லத்திலும் சென்று காண்பதே சமூக இயன்முறை மருத்துவத்தின் உயிர்நாடி. இது கையால் தொட்டுச் செய்யும் தொழில். மருந்தைப் போலப் புட்டியில் அடைத்து அனுப்பத்தக்கதன்று. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு அமலாயிற்று. நகரப் பேருந்துகள் மே மாதத்தில்தான் மீண்டும் ஓடின. மெட்ரோ ரயில் செப்டம்பரில். போக்குவரத்து நின்றதாலும், தொடுதலுக்கு அஞ்சியதாலும், சிகிச்சையை நாடி வருவோர் தொகை சுருங்கியது.

நாடுவோர் குறைந்தனர் என்பதனால் தேவை குறைந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. பிறவியிலேயே பாதம் உட்புறம் திரும்பிய குழந்தையை எடுத்துக்கொள்வோம். பொன்செட்டி முறையில், வாரந்தோறும் பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருத்தி மாவுக்கட்டு இடுவர். ஐந்தாறு கட்டுகளில் பாதம் பெரும்பாலும் நேராகும். பலருக்குக் குதிகால் நாணை ஒரு சிறு கீறலால் தளர்த்துவதும் வேண்டியிருக்கும். பின்னர், இரு காலணிகளைச் சட்டத்தால் இணைத்த கருவியை முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுதும், அதன்பின் நான்கு வயது அளவும் உறங்கும்பொழுது மட்டும் அணிவித்தல் வேண்டும். கருவி சிறியதாகியும் மாற்ற வழியில்லையேல் பாதம் பழைய நிலைக்குத் திரும்பக் கூடும். ஊரடங்கிற்காகக் குழந்தையின் எலும்பு வளர்வதை நிறுத்திக்கொள்வதில்லை! மூளைவாதக் குழந்தைகளின் நிலையும் இத்தகையதே: எலும்பு நீள, விறைத்த தசை நீளாதுவிடின் மூட்டு மடங்கி இறுகும். பக்கவாதம் கண்டவர்க்கு முதல் சில மாதங்களே மீட்சிக்கு மிகவும் உகந்தவை. அவை கழிந்தால் இழப்பு பெரிது.

இவ்விடைவெளியைத் தொலைபேசியும் காணொளியும் ஓரளவு நிரப்பின. உடற்பயிற்சியைக் காட்டவும், செய்வதைத் திருத்தவும், ஊக்கம் தரவும் அவை போதுமானவை. ஆயினும், இறுகிய தசையின் எதிர்ப்பைக் காணொளி உணர்த்தாது. தாயோ மூத்த சகோதரியோதான் மருத்துவரின் கையாக மாற வேண்டியிருந்தது. ஒரே கைபேசியை வைத்திருக்கும் குடும்பத்தில் அது தந்தையின் வேலைக்கும் பிள்ளைகளின் பாடத்திற்கும் போக எஞ்சிய நேரத்தில்தான் சிகிச்சைக்குக் கிடைக்கும்.

2021-ஆம் ஆண்டின் இரண்டாம் அலைக்குப் பின்னர்த் தேவையின் உருவமே மாறிற்று. மூச்சுக்கருவியின் துணையால் பிழைத்தவர்கள் பல வாரப் படுக்கையால் தசை நலிந்து, மாடிப்படி ஏறவும் மூச்சிரைக்கும் நிலையில் வீடு திரும்பினர். தொற்று தொடங்கி மூன்று மாதங்கள் ஆகியும் களைப்பு, மூச்சிரைப்பு முதலிய குறிகள் இருப்பதையும், அவை இரு மாதங்களேனும் நீடிப்பதையும் கொண்டு, இந்நிலைக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் இலக்கணம் வகுத்தது. இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. "நடக்க நடக்க வலிமை வரும்" என்னும் பொது அறிவுரை இவர்கள் அனைவர்க்கும் பொருந்தாது. சிறிது உழைத்தபின் மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுத்த படுக்கையாகிவிடுபவர்க்குப் பயிற்சியை மேன்மேலும் கூட்டுவது தீங்கு விளைக்கும். அவர்க்கு வேலையைப் பகுத்து, இடையிடையே ஓய்வெடுக்கக் கற்பிப்பதே முறை. மார்பு வலியோ மயக்கமோ தோன்றின் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

இதே காலத்தில் கழுத்துவலி, முதுகுவலியுடன் வந்தோர் வேறொரு கூட்டத்தினர். மென்பொருள் ஊழியர் மிகுந்த அந்நகரில் கட்டிலும் சமையலறை மேசையும் அலுவலகமாயின. இவர்கள் கட்டணம் செலுத்தி இயன்முறை மருத்துவரை வீட்டிற்கே அழைக்கக் கூடியவர்கள். ஆதலின் இவர்தம் தேவை எளிதில் கணக்கில் ஏறும். குடிசைப் பகுதியில் கால் மடங்கிக் கிடக்கும் சிறுவன் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வருகைப் பதிவேட்டின் எண்ணிக்கையை மட்டும் நம்பிச் சேவையைத் திட்டமிடின், அது முந்தையவர் பக்கமே சாயும்.

இவ்விடத்தில்தான் ஆசிரியரின் கண் பயன்படுகின்றது. கர்நாடகத்தில் ஒன்று முதல் ஐந்து வகுப்புகள் 2021 அக்டோபரிலேதான் மீண்டும் திறந்தன. ஒன்றரை ஆண்டிற்குப் பின் வந்த குழந்தையின் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலால் நடப்பதையும், பழைய காலிபர் தோலை அழுத்திச் சிவக்கச் செய்வதையும், முன்பு தானே உட்கார்ந்தவன் இப்பொழுது சாய்வதையும் முதலில் காணத்தக்கவர் அவரே. பள்ளிக்கு வராத குழந்தையைக் காண்பதோ களப்பணியாளரின் கடமையாகின்றது. 2020 மார்ச்சுக்கு முந்தைய பழைய பதிவேட்டை எடுத்து, அதிலுள்ள பெயர்களுள் பின்னர் ஒருமுறையும் வராதவை எவை என்று குறித்துக்கொண்டு, அவ்வீடுகளுக்கு முதலில் செல்வது நன்று. சிலர் இடம் பெயர்ந்திருப்பர், சிலர் குணமடைந்திருப்பர். எஞ்சியோருக்குக் காலிபரின் அளவை மாற்றுவதும் இறுகிய மூட்டைத் தளர்த்துவதும் இன்னும் கூடும். ஒவ்வொரு மாதமும் கழியக் கழிய அது அறுவைச் சிகிச்சையின் பக்கம் நகர்கின்றது.