எஞ்சினை இறக்குவதா, வண்டியையே மாற்றுவதா?

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை. அன்று காலையில் கடைத்தெருவில் நின்றால், ஆடு ஏற்றிவந்த வண்டிகளுக்கு நடுவே பழைய மாருதி 800, ஆம்னி எல்லாம் நெளிந்து போவதைப் பார்க்கலாம். வேறு ஊர்களில் இவை காயலான் கடைக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் இன்னும் உழைக்கின்றன.

என் சித்தப்பாவின் மாருதி 800-ம் அப்படி ஒன்று. 2007 மாடல், டிஎன் 23 பதிவு. சில மாதங்களாகக் காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் நீலப் புகை வந்தது. மெக்கானிக் ஆயில் குச்சியை உருவி, துணியில் துடைத்துக் காட்டினார். குச்சியின் கீழ்க்கோட்டைக்கூட ஆயில் எட்டவில்லை. "ரிங் தேஞ்சிடுச்சிண்ணா. எஞ்சினை இறக்கி வேலை பாக்கணும். முப்பத்தஞ்சாயிரம் ஆவும்" என்றார்.

வீட்டில் இரண்டு கட்சி உருவானது. "வண்டியை வித்தாலே அறுபதாயிரம் தேறாது, அதுல பாதிக்கு மேல செலவா?" என்றான் சித்தப்பா மகன். "போன வருஷம்தானே கிளட்ச் பிளேட் மாத்தினோம், இப்ப எப்படித் தள்றது?" என்றார் சித்தி. இரண்டுமே தப்பான கேள்விகள் என்பதுதான் என் கருத்து.

சித்தி சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். கிளட்சுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். ரிப்பேர் செய்தாலும் விற்றாலும் திரும்பாது. ஆனாலும் மனசு அதையே பிடித்துக்கொண்டு தொங்கும். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரு உளவியலாளர்கள் 1985-லேயே இதைச் சோதனைகள் வழியாகக் காட்டியிருக்கிறார்கள்.

மகன் கேட்டது கொஞ்சம் நுட்பமானது. ரிப்பேர் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடுவது ஊரெங்கும் இருக்கும் பழக்கம். ஆனால் சந்தையில் நம் வண்டிக்கு என்ன விலை என்பது, அது நமக்கு எவ்வளவு உழைக்கும் என்பதைச் சொல்லாது. ஒப்பிட வேண்டியது இதைத்தான்: பழைய வண்டியோடு அடுத்த ஓராண்டை ஓட்ட என்ன செலவு, புதிய வண்டியோடு ஓட்ட என்ன செலவு?

கணக்குப் போட்டோம். சித்தப்பா ஆண்டுக்கு 6,000 கி.மீ. ஓட்டுகிறார். எஞ்சின் வேலை நான்கு ஆண்டு தாங்கினால் ஆண்டுக்குச் சுமார் 9,000 ரூபாய். மற்ற பராமரிப்புக்குத் தாராளமாக 20,000. பழையது லிட்டருக்கு 14 கி.மீ., புதியது 20 கி.மீ. என்றால் பழையதில் ஆண்டுக்குச் சுமார் 130 லிட்டர் பெட்ரோல் கூடுதல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 13,000. மொத்தம் 42,000.

இனி 6 லட்ச ரூபாய்க்குப் புதிய கார். இன்சூரன்ஸ் கம்பெனிகளின் தேய்மானப் பட்டியலில், ஐந்தாம் ஆண்டு வந்ததும் காரின் மதிப்பு பாதியாகிவிடும். அப்படியென்றால் ஆண்டுக்கு 60,000 ரூபாய், வண்டி ஷெட்டில் நின்றாலும் கரையும். 5 லட்சம் கடன் வாங்கினால், 9 விழுக்காட்டில் முதல் ஆண்டு வட்டியே 40,000-ஐத் தாண்டும். இதற்கு மேல் முழு இன்சூரன்ஸ். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது உண்மை. அப்படியும் இவ்வளவு குறைவாக ஓட்டுகிறவருக்குப் பழையதுதான் மலிவு.

சரி, எந்த ஆண்டில் இந்தக் கணக்கு புரளும்? இதைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்று ஒரு பஸ் டிப்போவில் பிறந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மாடிசன் நகரப் பேருந்துகளின் பராமரிப்பு அதிகாரி ஹரால்ட் சர்ச்சர். எந்த பஸ்ஸின் எஞ்சினை எப்போது மாற்றுவது என்பது அவர் முடிவு. அவருடைய சுமார் பத்தாண்டுப் பதிவேடுகளை ஜான் ரஸ்ட் என்ற பொருளியலாளர் வாங்கி ஆராய்ந்து, 1987-ல் கட்டுரை வெளியிட்டார். எஞ்சின்கள் சராசரியாக 2 லட்சம் மைலுக்கு மேல், அதாவது 3.2 லட்சம் கி.மீ. தாண்டி ஓடிய பிறகே மாற்றப்பட்டிருந்தன. கிலோமீட்டர் ஏற ஏறப் பராமரிப்புச் செலவு கூடும், நடுவழியில் நின்றுவிடும் அபாயமும் கூடும்; புதிய எஞ்சினோ ஒரே அடியில் பெரும் செலவு. இரண்டையும் எடைபோட்டு முடிவெடுப்பவராக சர்ச்சரை ரஸ்ட் கணக்கில் வடித்தார்.

இந்த ஆய்வில் என்னை ஈர்ப்பது இன்னொன்று. பதிவேட்டில் எழுதாத ஏதோ ஒன்று சர்ச்சருக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கும் ரஸ்ட் தன் சமன்பாட்டில் இடம் ஒதுக்கினார். ஒரே தூரம் ஓடிய இரண்டு எஞ்சின்களில் ஒன்றை மாற்றி, மற்றொன்றை விட்டுவைப்பதற்குக் காரணம் காதில் விழுந்த சத்தமாக இருக்கலாம், கையில் பட்ட அதிர்வாக இருக்கலாம். ஒடுகத்தூர் மெக்கானிக் பானட்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதும் அதே அறிவுதான். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது; விடாமல் வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது; கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. இதை அவர் பாடமாகப் படித்ததில்லை.

அந்த மெக்கானிக் அடுத்துச் செய்த காரியம்தான் எங்கள் வீட்டு யோசனையின் வரிசையையே மாற்றியது. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய திரவம் டீ டிகாஷன்போல் கறுத்திருந்தது. "இதை எப்ப மாத்தினீங்கண்ணா?" யாருக்கும் ஞாபகம் இல்லை.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம். ரப்பர் குழாய் வழியாகக்கூட ஈரம் மெல்ல உள்ளே போகும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. சுமார் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆட்களோடு சேர்த்து 900 கிலோ எடையுள்ள வண்டி மலையிலிருந்து 500 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெளிப்படும் ஆற்றல் 15 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கியரைக் குறைத்து இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அத்தனை சூடும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் இறங்கும். ஈரம் ஏறிய ஆயில் கொதித்து ஆவியாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். கால் வைத்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

ஆகவே ரூபாய்க் கணக்கைத் தொடங்கும் முன்பே பிரேக், ஸ்டியரிங், டயர், அடித்தட்டுத் துரு ஆகிய நான்கையும் பார்த்துவிட வேண்டும். முதல் மூன்றில் குறை இருந்தால் சரிசெய்யலாம். அடித்தட்டில் துருவேறிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறது என்றால், அந்த வண்டிக்கு எஞ்சின் வேலை வேண்டாம். நம் பக்கம் கடல் உப்பு இல்லாததால் துரு மெதுவாகத்தான் பிடிக்கும், ஆனால் மழைச்சேறு ஒட்டிக் காயாத மூலைகளை அது விடாது. எவ்வளவு செலவழித்தாலும் பழைய வண்டிக்குள் வராதவையும் உண்டு. புதிய கார்களில் ஏ.பி.எஸ். பிரேக்கும் ஓட்டுநருக்கு ஏர்பேக்கும் 2019-ல்தான் கட்டாயமாயின.

சட்டம் இதில் குறுக்கே நிற்கவில்லை. 15 ஆண்டு முடிந்த காரை ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாக ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயானது. 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் 10,000.

சுற்றுச்சூழலுக்காகப் பழையதைத் தள்ளுங்கள் என்பவர்களிடமும் ஒரு கணக்கு கேட்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. புதிய கார் வாங்கினால் சித்தப்பாவுக்கு மிச்சமாகும் 130 லிட்டருக்கு ஆண்டுக்கு 300 கிலோ. ஒரு சிறிய காரை உருவாக்க 5 டன் வெளியாகிறது என்று வைத்தால், அது ஈடாக 17 ஆண்டு வேண்டும். ஆண்டுக்கு 40,000 கி.மீ. ஓடும் டாக்ஸிக்கோ இரண்டரை ஆண்டே போதும். புகையில் கலந்த நச்சு தனி விஷயம். ஆயில் குடிக்கும் எஞ்சினை அப்படியே ஓட்டுவதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

சித்தப்பா எஞ்சினை இறக்கி வேலை பார்த்தார். பிரேக் ஆயில், வீல் சிலிண்டர், பின் டயர்கள் மாற்றினார். வண்டி இப்போது சந்தைக்கும் அணைக்கட்டுக்கும் வேலூருக்கும் போய்வருகிறது. மலைமேல் இருக்கும் பீஞ்சமந்தைக்கு அதை எடுப்பதில்லை. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

உங்கள் வண்டி பழையதோ புதியதோ, பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று ஞாபகம் இல்லையென்றால், அடுத்த முறை மலையேறும் முன் மாற்றிவிடுங்கள்.