ஒட்டகத்தின் முதுகில் பீரங்கி

கோட்டை மதில்களைத் தகர்க்கும் பெரும் பீரங்கிகள் பதினேழாம் நூற்றாண்டுப் பேரரசர்களுக்குப் பெருமையளித்தன என்பது உண்மையேயாயினும், அவற்றை இழுக்கப் பல ஜோடி எருதுகளும், செல்வதற்கு நல்ல பாதையும் வேண்டியிருந்தமையால், அவசர வேளைகளில் அவை பந்தி முடிந்தபின் வந்த விருந்தாளிகளாகவே ஆகிவிட்டன. 1664-ஆம் ஆண்டின் இறுதியில் ஔரங்கசீப் காஷ்மீரத்துக்குப் புறப்பட்டபோது உடன் சென்ற பிரெஞ்சு வைத்தியர் பெர்னியே, குறுகிய கணவாய்களிலும் ஓடப் பாலங்களிலும் கனத்த பீரங்கிகள் செல்ல முடியாததைக் குறித்ததோடு, சிறு பீரங்கிகளைச் சுமந்த 200 முதல் 300 ஒட்டகங்களையும் வர்ணித்திருக்கிறார்.

சக்கரம் புதையும் மணலிலும் தளராது நடக்கும் அந்தப் பிராணியின் சேணத்தில் இரும்புக் கவையொன்றைப் பொருத்தி, அதன்மேல் எப்பக்கமும் திரும்பும்படி குழலை அமைத்திருப்பார்கள். போர்முனையை அடைந்ததும் வீரன் ஒட்டகத்தை மண்டியிடச் செய்து, வெடியோசையில் மிரண்டு எழுந்துவிடாதபடி அதன் காலைக் கயிற்றால் பிணித்துவிட்டுச் சுடுவான். பாரசீகத்தார் இதனை ஸம்பூரக் என்றனர்.

இதன் வலிமையும் குறையும் ஒருங்கே வெளிப்பட்டது 1722-ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு மார்ச் மாதம், பாரசீகத் தலைநகரான இஸ்பஹானுக்கு அருகிலுள்ள குல்னாபாத் சமவெளியில், மஹ்மூத் என்ற ஆப்கானியத் தலைவனின் சிறு படையை ஸபாவி அரசரின் பெருஞ்சேனை எதிர்த்தது. பாரசீகக் குதிரைவீரர் வெற்றி கைக்கெட்டியதென்றெண்ணிப் பாய்ந்துவர, ஆப்கானிய அணி திடீரென்று விலகி வழிவிட, அதன் பின்னால் வரிசையாக மண்டியிட்டிருந்த சுமார் 100 ஒட்டகங்களின் முதுகிலிருந்து குண்டுகள் பொழிந்தன. பாய்ந்து வந்தோர் நிலைகுலைந்தனர். ஆயினும், களத்தில் வென்ற அதே குழல்களின் சிறு குண்டுகளுக்கு இஸ்பஹான் நகரின் மதில் அசையவில்லை. மாதக்கணக்கில் முற்றுகையிட்டு, பட்டினியால் வாட்டித்தான் அக்டோபரில் அந்நகரை மஹ்மூதால் கைப்பற்ற முடிந்தது.

1761-இல் நிகழ்ந்த மூன்றாம் பானிபட் யுத்தத்தில் ஆப்கானிய அரசர் அப்தாலியின் ஒட்டகப் பீரங்கிகள் மராட்டியரைத் தாக்கின. 1846-இல் ஆங்கிலேயரோடு பொருத சீக்கியச் சைனியத்திலும் அவை இடம்பெற்றிருந்தன. குறி தவறுவதும், உயர்ந்த உருவத்தால் எதிரிக்கு எளிய இலக்காவதும் அறிந்தே தளபதிகள் அவற்றைக் கைவிடாதிருந்தார்கள் என்றால், வேளைக்கு வந்து சேரும் சிறு ஆயுதம், வழியில் தங்கிவிடும் பேராயுதத்தைவிட மேலானது என்ற யுத்த நியாயமே அதற்குக் காரணம்.