வெளி மாறுகண்ணும் ரண சிகிச்சையும்

நமக்குக் கண்கள் இரண்டு; காட்சி ஒன்றே. வண்டியில் பூட்டிய இரு மாடுகள் ஒரே தடத்தில் நடப்பதுபோல, இரு கண்களும் சேர்ந்தே நகர வேண்டும். ஒவ்வொரு விழிக்கோளத்தையும் ஆறு தசைகள் இயக்குகின்றன. இரு கண்களும் காட்டுவதை ஒரே காட்சியாகச் சேர்ப்பது மூளை. ஒரு கண் நேராக நோக்க, மற்றது காதுப் பக்கமாக விலகுமானால் அதுவே வெளி மாறுகண்.

குழந்தைகளிடம் இது பெரும்பாலும் விட்டுவிட்டுத் தோன்றும். களைப்பிலோ காய்ச்சலிலோ கண் விலகும். பெயர் சொல்லி அழைத்தால் நேராகிவிடும். வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. இதை அதிர்ஷ்டம் என்று கூறி வாளாவிருப்போர் ஒருபுறம். பட்டப்பெயர் சூட்டி நகைப்போர் மற்றொருபுறம். இரு சாராராலும் அக்குழந்தைக்கு நன்மையில்லை.

1839-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் டீஃபென்பாக் என்னும் மருத்துவர், உட்புறம் சாய்ந்த ஒரு கண்ணின் தசையை அறுத்து அதை நேராக்கினார். அம்முறையில் தசை பிடிப்பிழந்ததால், சிலருக்குக் கண் பின்னர் வெளிப்புறமாக விலகியது. இன்று தசையை அவ்வாறு அறுத்து விட்டுவிடுவதில்லை. கண்ணை வெளியே எடுத்துத் திருத்துவார்கள் என்று அஞ்சுவதும் வீண். விழிக்கோளம் தன் இடத்திலேயே இருக்கும். வெளித் தசையைப் பிரித்துச் சில மில்லிமீட்டர் பின்னே தைத்தால் அதன் இழுப்பு தளரும். இதை இரு கண்களிலும் செய்வது ஒரு முறை. ஒரே கண்ணில் வெளித் தசையைத் தளர்த்தி, மூக்குப் பக்கத்துத் தசையைக் குறுக்கி வலுப்படுத்துவது மற்றொரு முறை.

இவற்றின் பலன் யாது? விட்டுவிட்டு வெளியே விலகும் கண்ணுடைய 197 குழந்தைகளுக்கு இவ்விரு முறைகளையும் கையாண்டு, அமெரிக்கக் கண் மருத்துவர் குழு ஒன்று 2019-இல் முடிவை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் நிறைவான பலன் கிட்டாதவர்கள் முதல் முறையில் நூற்றுக்கு 46 பேர். இரண்டாம் முறையில் 37 பேர். இவ்வேறுபாட்டைக் கொண்டு ஒரு முறையே சிறந்தது என்று உறுதி கூற இயலவில்லை. எஞ்சியோருக்கு நற்பலன் நிலைத்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

கண் மீண்டும் விலகுவது ஏன்? மருத்துவர் தசையின் இழுப்பைத்தான் மாற்ற முடியும். இரு காட்சிகளையும் சேர்த்துப் பிடிப்பது மூளையின் வேலை. மூளை அப்பழக்கத்தை விட்டிருந்தால் கண் மெல்லப் பழைய வழியில் சாயும். ஆகவே இரண்டாவது சிகிச்சை வேண்டியிருந்தால், முன்னது பிழையாகச் செய்யப்பட்டது என்று கொள்ளலாகாது. சிகிச்சைக்குப் பின் சில காலம் பொருள்கள் இரட்டையாகத் தெரிவதும் உண்டு. கண்ணாடி அணிந்தவர்கள் பெரும்பாலும் அதைத் தொடர்ந்து அணிய வேண்டும். இச்சிகிச்சை பார்வைக் கூர்மைக்கானதன்று.

அவசரமும் வேண்டாம். சிகிச்சையின்றி மூன்று ஆண்டுகள் கவனிக்கப்பட்ட 183 குழந்தைகளில், நிலை மோசமானவர்கள் நூற்றுக்குச் சுமார் 15 பேரே என்று 2019-இல் வெளியான வேறோர் ஆய்வு கூறுகிறது. ஆனால் கவனித்துக் காத்திருப்பது வேறு, கவனியாது விடுவது வேறு. விலகல் அடிக்கடி நிகழ்ந்தால் தாமதம் தகாது. வயது வந்தோருக்கும் இச்சிகிச்சையால் பயன் உண்டு.

மாணவர்களுக்கு நான் கூற விரும்புவது இதுதான்: உங்கள் வகுப்பில் ஒருவருக்குக் கண் விலகினால் நகையாதீர்கள், கண் மருத்துவரிடம் செல்லச் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் பின்னும் கண் சற்று விலகினால், மீண்டும் செல்லச் சொல்லுங்கள்.