மாத்திரைக்கு முன்னால் ஒரு டப்பா

கொல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சியில் சென்னை ரயில் ஏறும் கூட்டத்தில் மருத்துவக் கோப்பு சுமந்த குடும்பங்கள் எப்போதும் உண்டு. வேலூருக்கும் சென்னைக்கும் வைத்தியத்துக்கு வரும் வங்காளிகளின் தடம் அது. 1,600 கிலோமீட்டருக்கு மேல். ஒரு பகலும் ஓர் இரவும் போதாது. ரயில் கழிப்பறைக்குப் பயந்து பல பெண்கள் வழி முழுக்கத் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள், வந்ததையும் அடக்குகிறார்கள். பெண்களின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான். குடலில் இருக்கும் ஈ.கோலை கிருமி அதைக் கடந்து சிறுநீர்ப்பையை அடைவது எளிது. கழுவி வெளியேற்ற நீரும் இல்லையென்றால் நீர்க்கடுப்பு வரத்தான் செய்யும்.

நம் வீடுகளில் ‘சூடு பிடிச்சிருக்கு’ என்று இளநீரும் மோரும் கொடுப்பார்கள். அதில் தவறில்லை. என் கவலை அடுத்த நாள் மெடிக்கல் ஷாப்பில் தொடங்குகிறது. “அண்ணா, ஒண்ணுக்குப் போனா எரியுது, மாத்திரை குடுங்க” என்றதும் அட்டையில் நாலு ஆன்டிபயாட்டிக் மாத்திரை வெட்டித் தருகிறார்கள். எரிச்சல் அடங்கியதும் மிச்சம் கைப்பைக்குப் போகிறது. மருந்துக்கு அரைகுறையாகப் பழகிய கிருமி அடுத்த முறை அதற்கு அசைவதில்லை.

இது மிகையான பயம் இல்லை. 2008இல், இந்தியாவில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில் இருந்த கிருமி, கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையே எதிர்த்தது. அதற்குக் காரணமான மரபணுவின் பெயரில் புதுடெல்லி ஒட்டிக்கொண்டது. இப்படி மருந்துக்கு அடங்காத கிருமிகளைத் தடுக்க, 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. 2014 முதல் பல வீரிய ஆன்டிபயாட்டிக்குகளை விற்கும்போது மருத்துவர் சீட்டு கேட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். எத்தனை கடைகளில் எழுதுகிறார்கள்?

அதனால், யூரின் கல்ச்சர் கொடுத்துவிட்டு மாத்திரை தொடங்குங்கள். முதலில் வருவதை விட்டு, நடுவில் வரும் நீரை லேபில் தரும் சுத்தமான டப்பாவில் பிடித்து உடனே ஒப்படைக்க வேண்டும். என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது இரண்டு மூன்று நாளில் தெரியும். அதுவரை வலியோடு காத்திருக்கத் தேவையில்லை. டப்பாவைக் கொடுத்ததும் மருத்துவர் சொல்லும் மருந்தைத் தொடங்கலாம். சிறுநீர்ப்பைக்குள் நிற்கும் சாதாரணத் தொற்றுக்கு நைட்ரோஃபியூரன்டாயின் 5 நாள், அல்லது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் ஒரே வேளை என்ற பழைய மருந்துகளே பெரும்பாலும் போதும். குளிர்காய்ச்சலும் விலாவலியும் வந்தால் தொற்று சிறுநீரகம் ஏறியிருக்கலாம், அன்றே மருத்துவமனை.

ஆரோக்கியமான இளம்பெண்ணுக்கு முதல்முறை வந்தால் கல்ச்சர் தேவையில்லை என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப வருபவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், ஆண்கள் ஆகியோருக்கு அந்தச் சலுகை கிடையாது.

எரிச்சலோ காய்ச்சலோ இல்லாத பாட்டியின் ரிப்போர்ட்டில் கிருமி என்று வந்தால், அதற்காக மட்டும் மாத்திரை வேண்டாம். அப்படி அறிகுறியில்லாத கிருமிக்கும் மருந்து தர வேண்டியவர்கள் கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களும்தான்.