முத்திரை பார்த்துத் தோட்டா போடுங்கள்

நூறாண்டு கடந்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளை உரிமத்தோடு வைத்திருந்து இன்றும் சுடுபவர்கள் இங்கிலாந்தில் உண்டு. அவர்கள் முதலில் பார்ப்பது குழலின் அடியில் இருக்கும் முத்திரையைத்தான். 1813-இல் சட்டப்படி அமைந்த பர்மிங்காம் சோதனைக்கூடம், வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்கே முத்திரை குத்துகிறது.

முத்திரை இருந்தாலும் தோட்டாவின் நீளமும் பொருந்த வேண்டும். பழைய 12 போர் (குழல் அளவு) துப்பாக்கிகள் பல 2½ அங்குலத் தோட்டாவுக்குச் செய்தவை. இன்றைய 2¾ அங்குலத் தோட்டாவும் அவற்றில் சிக்காமல் நுழைந்துவிடும். ஆபத்தே அங்குதான்! சுடும்போது தோட்டாவின் மடித்த வாய் முழுதாக விரிய இடமிருக்காது. உள்ளே அழுத்தம் எகிறும்.

இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த, அலையலையாகக் கோடுகள் தெரியும் டமாஸ்கஸ் குழல்களில் பெரும்பாலானவை கருமருந்துக் காலத்தவை; இன்றைய தோட்டாவின் அழுத்தத்துக்குச் சோதிக்கப்படாதவையாக இருக்கலாம். ஆகவே, துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே சுட வேண்டும்.