சிறு கலமும் பெரு நோயும்

மணிமுத்தாற்றங்கரையில் உள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற ஊர். ஆங்கு உடைந்த கிண்ணமொன்று வெளியே கிடப்பின், மழைநாளில் அதிற் சிறிது நீர் தேங்கும். ஏடிஸ் என்னும் கொசு முட்டையிட அந்நீரே போதும். பகலிற் கடிக்கும் இக்கொசு சிக்குன்குனியா நோயைப் பரப்புவதாகும்.

இந்நோய் 1952ஆம் ஆண்டில், இன்று தான்சானியா எனப்படும் ஆப்பிரிக்க நாட்டில் முதன்முதல் அறியப்பட்டது. மூட்டுவலியால் உடல் வளைதலைக் குறிக்கும் அந்நாட்டு மொழிச் சொல்லே அதன் பெயராயிற்று. 1963இல் கல்கத்தாவிலும், 1964இல் சென்னையிலும் அது பரவிற்று. 1973க்குப்பின் முப்பது ஆண்டுகளுக்குமேல் இந்தியாவில் அடங்கியிருந்து, 2005இல் மீண்டும் தோன்றியது. மறு ஆண்டில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் அந்நோய்க்குறிகளால் வருந்தினர். 2007இல் வட இத்தாலியிலும் புகுந்தது.

நெடுந்தொலைவு பறக்க இயலாத கொசு கடல் கடந்தது எங்ஙனம்? அதன் முட்டைகள் நீரின்றியும் பல திங்கள் உயிரோடிருக்கும். வாணிகத்திற்காக ஏற்றிய பழைய டயர்களில் ஒட்டிய முட்டைகள் இத்தாலியை முன்னரே அடைந்திருந்தன. பின்பு இந்தியாவிலிருந்து சென்ற ஒருவரின் குருதியில் வைரஸ் என்னும் நச்சுயிரி சென்றது. அவரைக் கடித்த கொசு அதனைப் பிறர்க்கும் பரப்பிற்று. கொசுவையும் நோயையும் சுமந்து சென்றவன் மனிதனே.

மக்களின் பயணத்தை நிறுத்தல் இயலாது. தேங்கிய நீரைக் கொட்டுதல் சிறுவர்க்கும் இயலும். முட்டை கொசுவாக ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாள் ஆகும். ஆதலின் வாரந்தோறும் நீரைக் கொட்டி, கலத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தல் வேண்டும். உடைந்த கலங்களை மழைநீர் படாதவாறு அகற்றல் வேண்டும். உலகெங்கும் பரவும் நோயை ஒரு வீட்டின் முற்றத்திலேயே தடுக்கலாம்.